பழைய சிங்கரில் காஜா: பட்டன்ஹோலர் தேடுவதும் பூட்டுவதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளில் பழைய சிங்கர் மெஷின் இன்னும் இருக்கிறது. எண்ணெய் விட்டால் இன்றும் ஓடும். தலையணை உறை, திரைச்சீலை, பாவாடை என்று எல்லாம் அதில் தைப்பவர்கள்கூடச் சட்டை என்றதும் பின்வாங்கிவிடுகிறார்கள். "நேர்த்தையல்தானே போடும், காஜா எப்படி எடுக்கிறது?" என்று கேட்டுப் புது மெஷின் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். அந்தச் செலவு தேவையில்லை. பழைய மெஷினிலேயே காஜா எடுக்கப் பட்டன்ஹோலர் என்றொரு துணைக்கருவி உண்டு. உள்ளங்கையில் அடங்கும் இரும்புச் சாமான். இன்றைய மலிவான பிளாஸ்டிக் மெஷின்களில் வரும் காஜாவைவிட இதன் காஜா நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

அது வேலை செய்யும் விதத்தை முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சாதாரணமாகத் தைக்கும்போது ஊசித் தட்டுக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும் பல்தான் துணியை நகர்த்தும். பட்டன்ஹோலர் பூட்டியதும் அந்தப் பல்லுக்கு வேலை இல்லை. ஊசி ஒரே இடத்தில் மேலும் கீழும் குத்திக்கொண்டிருக்கும். துணியைக் கவ்விப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே காஜாவின் வடிவத்தில் சுற்றிக் கொண்டுவருவது இந்தக் கருவிதான். மெஷினுக்கு ஜிக்ஜாக் தெரியாவிட்டாலும் துணி ஜிக்ஜாக்காக நகர்வதால் தையலும் அப்படியே விழும். இதற்கான விசை கருவியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், முனை இரண்டாகப் பிரிந்த கவை வழியாக வருகிறது. ஊசியை இறுக்கும் திருகின்மேல் கவை உட்காரும். ஊசித்தண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் கவையும் ஏறி இறங்கி உள்ளே இருக்கும் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும்.

மோட்டார், கரண்ட் எதுவும் கருவிக்குத் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கருவியானாலும் வோல்டேஜ் பற்றி யோசிக்க வேண்டாம். கரண்ட் இல்லாத நேரத்தில் கால்மெஷினிலோ கைமெஷினிலோ பூட்டிக் காஜா போட்டு முடிக்கலாம். கைமெஷின்காரர்களுக்கு இது இன்னும் வசதி. வழக்கமாக ஒரு கையால் சுற்றி மறு கையால் துணியை ஓட்ட வேண்டியிருக்கும் அல்லவா? இங்கே துணியை நீங்கள் பிடிக்கவே கூடாது.

முதலில் உங்கள் மெஷினை அளந்து பாருங்கள்

கருவியைத் தேடிப் போகும் முன் மெஷினில் ஒரு அளவு எடுக்க வேண்டும். பாதத்தைக் கீழே இறக்குங்கள். பாதத்தைத் தண்டோடு பிணைக்கும் திருகின் நடுவிலிருந்து பாதத்தின் அடிவரை எவ்வளவு உயரம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் அது தாழ்தண்டு மெஷின், லோ ஷாங்க் என்பார்கள். ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் உயர்தண்டு, அதாவது ஹை ஷாங்க். ஊசியும் தண்டும் செங்குத்தாக இல்லாமல் உங்களை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது ஸ்லான்ட். ஒன்றுக்கான பட்டன்ஹோலர் மற்றொன்றில் உட்காராது. புதிதாக வாங்குகிறவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சிங்கர் 15, 66, 99, 201, 221 எல்லாம் தாழ்தண்டு. 28, 128 என்ற எண் கொண்ட, படகு வடிவ ஷட்டில் ஓடும் கைமெஷின்களும் அப்படித்தான். இந்த எண்களுக்குப் பின்னால் ‘கே’ என்ற எழுத்து இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. 1980இல் மூடப்பட்ட அந்த ஆலையின் மெஷின்கள் நம் ஊரில் நிறையக் கிடைக்கும். 301, 401, 500 ஆகியவை ஸ்லான்ட். மற்றக் கம்பெனி மெஷின் என்றால் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள், ஸ்கேலை நம்புங்கள். பெர்னினா வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். அதன் பாதம் மாட்டும் முறையே வேறு என்பதால் இந்தக் கருவிகள் அதில் நேரடியாகப் பொருந்தாது.

இன்னொன்று. டர்பன் கார்மெண்ட் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், வீட்டிலேயே சி.எம்.டி. வேலை (கம்பெனிகளுக்குத் துணி வெட்டித் தைத்து முடித்துக் கொடுப்பது) எடுத்துச் செய்தவர்கள் வீட்டு கராஜில் ஆலை மெஷின் இருக்கும். அதுவும் நேர்த்தையல்தான் என்று நினைத்து இதைப் பூட்டிவிடாதீர்கள். அந்த மெஷினின் வேகத்தை இந்தக் கருவி தாங்காது.

புது மெஷின் இருப்பவர்களும் இதைப் பயன்படுத்தலாம். அது தாழ்தண்டாக இருந்தால், பாதத்தை மாட்டும் இடைத்துண்டைத் திருகு கழற்றி எடுத்துவிட்டுக் கருவியைப் பூட்டலாம். தையலை நேர்த்தையலில் வையுங்கள். ஊசி நடுவில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில மெஷின்களில் நேர்த்தையல் என்றால் ஊசி தானாக இடப்பக்கம் போய்விடும். அப்படியே ஓட்டினால் ஊசி இரும்பில் குத்தி உடையும்.

எங்கே தேடுவது, எதை வாங்குவது

நல்ல இடம் ஹாஸ்பிஸ் கடைகள், அதாவது நன்கொடையாக வந்த பழைய சாமான்களை விற்கும் தொண்டுக் கடைகள். யாராவது காலமான பிறகு வீட்டைக் காலி செய்யும்போது தையல் பெட்டி அப்படியே அங்கே போய்ச் சேரும். விலை போடுகிறவர்களுக்கு அது என்னவென்றே தெரியாமல் கரண்டி, கத்தரிக்கோல் கிடக்கும் கூடையில் போட்டு வைத்திருப்பதும் உண்டு. அடகுக் கடைகளையும், மரச்சாமான்களோடு மெஷின் விற்கும் பழைய சாமான் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். கால்மெஷின் மேசையின் இழுப்பறையைத் திறந்து பார்க்காமல் நகரக் கூடாது. இணையத்தில் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், பாப் ஷாப் இரண்டும் போதும். அமெரிக்கத் தளங்களில் கருவி மலிவுதான், ஆனால் தபால் செலவும் சுங்கமும் 15 சதவீத வாட் வரியும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி அக்கம்பக்கத்தில் கேட்பது. ஆலையில் தைத்து ஓய்வு பெற்ற ஆண்ட்டி ஒருவராவது உங்கள் தெருவில் இருப்பார். "ஆண்ட்டி, காஜா போடற அட்டாச்மெண்ட் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். அலமாரி மேலிருந்து ஒரு டப்பா இறங்கலாம். இறங்காவிட்டாலும் அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது.

சந்தையில் கண்ணில் படுபவை இரண்டு வகை. முதல் வகையில் டெம்ப்ளேட் போட வேண்டும். டெம்ப்ளேட் என்பது பல் வெட்டிய சிறு உலோகத் துண்டு. அதை மாற்றினால் காஜாவின் நீளமும் வடிவமும் மாறும். சிங்கரின் 160506 இந்த வகை, தாழ்தண்டுக்கு உரியது. ஸ்லான்ட் மெஷினுக்கு 160743. அமெரிக்காவின் கிரீஸ்ட் கம்பெனியும் டெம்ப்ளேட் வகையைச் செய்து பல மெஷின் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. இரண்டாவது வகையில் டெம்ப்ளேட் கிடையாது, நீளத்தை நீங்களே திருகி வைத்துக்கொள்ளலாம். சிங்கரின் 121795, ஜப்பானிலிருந்து வந்த ஒய்.எஸ். ஸ்டார் இரண்டும் இப்படி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டெம்ப்ளேட் வகையையே வாங்குங்கள் என்பேன். ஒரு சட்டைக்கு ஏழு காஜா என்றால் ஏழும் அச்சு அசலாக ஒரே அளவில் வரும். மேலும் பிளேசருக்கும் கோட்டுக்கும் போடுகிற, ஒரு முனை உருண்டையான சாவித்துளைக் காஜா இந்த வகையில்தான் கிடைக்கும். திருகி வைக்கும் வகைக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. பட்டன் அளவு விசித்திரமாக இருந்தால் டெம்ப்ளேட்டைத் தேடி அலைய வேண்டாம்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. மெஷின் வேண்டியதில்லை. டெம்ப்ளேட் உள்ளே இருக்கட்டும். கருவியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கை விரலால் கவையை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். துணி கவ்வும் தகடு ஒரு தடவை இடம், ஒரு தடவை வலம் என்று சின்னதாக அசையும். கூடவே முன்னாலோ பின்னாலோ நூலிழை அளவு நகரும். பிறகு பக்கத்தில் இருக்கும் குமிழை விரலால் திருகி ஒரு முழுச் சுற்று கொண்டுவாருங்கள். தகடு காஜா வடிவத்தில் போய்த் திரும்பி வர வேண்டும். குமிழ் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை, பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், சரிசெய்துவிடலாம். கவையை ஆட்டினால் பக்கவாட்டில் அசைகிறது, ஆனால் முன்பின் நகரவில்லை என்றால் சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது டெம்ப்ளேட் சரியாக உட்காராமல் இருக்கலாம். டெம்ப்ளேட்டை எடுத்து வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் நகராவிட்டால் விட்டுவிடுங்கள்.

டப்பாவுக்குள் வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். டெம்ப்ளேட் நாலைந்து இருந்தால் போதும். 8 மி.மீ.யிலிருந்து 27 மி.மீ. வரை நீளங்கள் உண்டு. நடுத்தர அளவு ஒன்று இல்லாமல் பெரியதும் சிறியதும் மட்டுமே இருந்தால் சட்டைக்குப் பயன்படாது. பல்லை மூடும் தகடு அதிகம் தொலைந்துபோகும் பொருள். அது இல்லை என்பதற்காக நல்ல கருவியை ஒதுக்க வேண்டாம், அதற்கு மாற்று வழி இருக்கிறது. இணையத்தில் வாங்கினால் அடிப்பக்கப் படம் கேட்டு வாங்குங்கள். மேல்பக்கம் பளபளவென்று இருப்பதில் ஒன்றுமில்லை.

சுத்தம் செய்வது

துணியைத் தொடும் முன் இதைச் செய்தாக வேண்டும். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் பாரஃபின் (மண்ணெண்ணெய்), கிழிந்த பனியன் துணி. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள். பாரஃபினில் பிரஷை நனைத்துச் சக்கரம், கவையின் அச்சு, குமிழின் அடி என்று அசையும் இடமெல்லாம் தேய்த்து, நடுநடுவே கவையை ஆட்டிக்கொண்டே இருந்தால் பழுப்பு நிறத்தில் அழுக்கு இறங்கும். துடைத்துக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் மட்டும் ஒவ்வொரு அச்சிலும் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அவைதான் பிசினாகும். பிறகு கழிவுத்துணியில் சில காஜாக்கள் போட்டுத் தள்ளுங்கள். மிச்ச எண்ணெய் அதில் இறங்கட்டும், பள்ளிக்கூடச் சட்டையில் வேண்டாம்.

பூட்டுவது

மெஷினின் பாதத்தையும் அதன் திருகையும் கழற்றி வையுங்கள். புது ஊசி போடுங்கள். சட்டைத் துணிக்கு 80, ஜீன்ஸ் போன்றதற்கு 90.

அடுத்து பல். உங்கள் மெஷினில் பல்லை இறக்க வசதி இருந்தால் இறக்கிவிடுங்கள். 66, 99, 221, 128 போன்றவற்றில் வழக்கமாக அந்த வசதி கிடையாது. மூடுதகடுதான் போட வேண்டும். ஊசித் தட்டின்மேல் தகட்டை வைத்து, அதன் துளை ஊசிக்கு நேராக இருக்கும்படி பார்த்து, மெஷின் தளத்தில் இருக்கும் திருகுத் துளையில் திருகி இறுக்குங்கள். தகடு இல்லையென்றால் ஐஸ்கிரீம் டப்பா மூடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி, ஊசி போகும் இடத்தில் துளை போட்டு, டேப்பால் ஒட்டிவிட்டுத் தையல் நீளத்தைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். வேலை நடக்கும்.

டெம்ப்ளேட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டனின் குறுக்களவோடு அதன் தடிமனையும் கூட்டுங்கள். சாதாரணச் சட்டைப் பட்டன் சுமார் 11 மி.மீ. அதற்கு அரை அங்குல டெம்ப்ளேட் சரியாக வரும். உருண்டைப் பட்டன் என்றால் ஒரு காகிதப் பட்டையை அதைச் சுற்றி வைத்து, அந்த நீளத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் அடித்தகட்டைத் திறந்து டெம்ப்ளேட்டை வைத்து மூடியபின் குமிழைத் திருகி ஒரு சுற்று சிக்காமல் வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது ஊசியை உச்சிக்கு உயர்த்துங்கள். கருவியைப் பின்பக்கமிருந்து உள்ளே தள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: கருவியின் கழுத்து பாதத் தண்டைத் தழுவ வேண்டும், கவை ஊசித் திருகைத் தழுவ வேண்டும். கழுத்து உட்கார்ந்துவிட்டது என்று அவசரமாகத் திருகை இறுக்கிவிட்டு, கவை வெளியே தொங்குவதைக் கவனிக்காமல் ஓட்டினால் ஒரே இடத்தில் நூல் முடிச்சு குவியும். திருகைக் கையால் மட்டுமல்ல, ஸ்க்ரூடிரைவராலும் ஒரு இறுக்கு இறுக்குங்கள், அதிர்வில் தளரும். பிறகு பாதத் தண்டை இறக்கிவிட்டு, மோட்டாரைத் தொடாமல், மெஷினின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி துளையின் நடுவில் இறங்குகிறதா, எங்கும் உரசாமல் ஏறுகிறதா என்று பார்த்தபிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

காஜா போடுவது

துணி ஒற்றையாக இருக்கக் கூடாது. காஜா பட்டியின் உள்ளே கேன்வாஸ் வைத்து ஒட்டியிருக்க வேண்டும். வாயில், ஷிஃபான் போல மெல்லியது என்றால் அடியில் டிஷ்யூ காகிதம் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்து எடுத்துவிடலாம். முதலில் சோதனை. எந்தத் துணியில் எத்தனை அடுக்கோ, அதே துணியில் அதே அடுக்கு, அதே கேன்வாஸ். சோதனைத் துண்டில் பட்டனை நுழைத்துப் பார்க்காமல் சட்டையில் கை வைக்கக் கூடாது.

சட்டையின் முன்பட்டியில் காஜா நெட்டாக வரும், காலர் அடியில் வருவது மட்டும் கிடையாக. இடைவெளி பெரியவர்களுக்கு 8 முதல் 9 செ.மீ., பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. எல்லா இடத்தையும் சாக்பீஸால் குறித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றாக அளந்து அளந்து போட்டால் கடைசிக் காஜா வேட்டியில் போய் விழும்.

துணி கவ்வும் தகட்டின் அடியில் துணியை நுழைத்து வையுங்கள். தகட்டில் இருக்கும் நடுக்கோடு உங்கள் சாக்பீஸ் கோட்டோடு ஒன்றாக வர வேண்டும். ஊசி மேலே இருக்கும்போது குமிழைத் திருகி, தையல் நேர்ப்பக்கத்தின் நடுவில் தொடங்குமாறு வையுங்கள். முனையில் தொடங்கினால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் அங்கே தடித்துத் தெரியும். ஊசி துணிக்குள் இருக்கும்போது குமிழைத் தொடாதீர்கள்.

அடிநூலை மேலே இழுத்து, இரண்டு நூல் முனையையும் விரலால் பிடித்துக்கொண்டு முதல் நாலைந்து குத்துகளைக் கையால் சுற்றுங்கள். அதன்பிறகு சீரான, நடுத்தர வேகம். துணியைத் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். மேசையிலிருந்து தொங்கும் பாகத்தை மட்டும் தாங்கிப் பிடியுங்கள். பிளேசர் போன்ற கனமான துணி தன் எடையாலேயே காஜாவைக் கோணலாக்கிவிடும். ஒரு சுற்று முடிந்து தொடங்கிய இடத்துக்கு வந்ததும் நிறுத்தாமல் இன்னொரு சுற்று. முதல் சுற்று மட்டும் போட்டுப் பார்த்தால் இடைவெளி விட்டு ஏழ்மையாகத் தெரியும். இரண்டாவது சுற்றில்தான் தையல் நெருங்கிக் கயிறு போல எழும்பும். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் தினம் கழற்றி மாட்டி, வாரம் முழுக்கத் துவைக்கப்படும் சட்டைக்கு இரண்டு சுற்று இல்லாமல் ஆகாது.

தையலின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக் கருவியில் ஒரு திருகு அல்லது நெம்பு இருக்கும். சட்டைக்குக் குறுகலாக வையுங்கள், கம்பளித் துணிக்கு அகலமாக. அகலம் கூட்டியபின் இரண்டு வரிசைக்கும் நடுவே கத்தி போக இடம் மிச்சமிருக்கிறதா என்று சோதனைத் துண்டில் பாருங்கள். மேல்நூலின் டென்ஷனை ஒரு சிட்டிகை தளர்த்தினால் அடிநூல் மேலே எட்டிப்பார்க்காது.

வெட்டும்போது காஜாவின் இரண்டு முனையிலும் குறுக்காக ஒரு குண்டூசி குத்துங்கள். தையல் பிரிப்பானை ஒரு முனையில் இறக்கி நடுவரை, பிறகு மறுமுனையிலிருந்து நடுவரை. ஒரே இழுப்பில் போனால் முனையையும் தாண்டிக் கிழிக்கும். சாவித்துளைக் காஜாவின் உருண்டைத் துளையைக் கத்தியால் வெட்டாமல் சிறு துளைப்பானால் போடுவது நல்லது. வெட்டியபின் எட்டிப்பார்க்கும் கேன்வாஸ் இழைகளைச் சிறு கத்தரியால் நறுக்கிவிட்டால் கடைக் காஜா மாதிரியே இருக்கும்.

சரியாக வராவிட்டால்

காஜா நீளத்தில் குறைந்தோ ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்தோ வந்தால் துணி எங்கோ பிடிபடுகிறது. பல் சரியாக மூடப்படவில்லை, அல்லது மூடிய பிளாஸ்டிக் மடங்கியிருக்கிறது, அல்லது துணி தொங்கி இழுக்கிறது. தொண்ணூறு சதவீதம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். காலர் அருகே மட்டும் கோணினால் காரணம் வேறு: தகட்டின் ஒரு பாதி தடித்த மடிப்பின்மேலும் மறுபாதி வெறுந்துணியின்மேலும் நிற்கிறது. வெறுந்துணிப் பக்கம் அதே தடிமனுக்குக் கழிவுத்துணியை மடித்து அடியில் வைத்துச் சமன் செய்யுங்கள்.

தொடக்கத்திலேயே அடியில் நூல் பந்தாகச் சுருண்டால் நூல் முனைகளைப் பிடிக்க மறந்திருப்பீர்கள். பாதத் தண்டை இறக்காமல் தைத்தாலும் இதேதான் நடக்கும். பருமனான கருவி மறைத்துவிடுவதால் தண்டு இறங்கியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, நெம்பைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி. கவை அடிக்கடி நழுவினால் ஊசித் திருகு தேய்ந்தோ, குட்டையான வேறு திருகு போட்டோ இருக்கலாம். அந்த மெஷினுக்கு உரிய திருகை வாங்கி மாற்றுங்கள், டர்பனில் மெஷின் ரிப்பேர் செய்கிறவர்களிடம் பழைய மெஷினிலிருந்து கழற்றியது கிடைக்கும். பட்டன் குறைந்தால் டர்பனின் மதரஸா ஆர்கேட் கடைவீதிப் பக்கம் போங்கள். போகும்போது காஜா போட்டு வெட்டிய சோதனைத் துண்டைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே பட்டனை நுழைத்துப் பார்த்து வாங்குங்கள்.